மீதி முடிக்கு ஒரு சாஸ்தா

திருநெல்வேலி வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, கையில் குடை இருந்தும் விரிக்காமல் ஒருவன் தொப்பலாக நனைந்து நின்றால், அவன் என் சித்தப்பா மகனாகத்தான் இருக்க வேண்டும். குடைக்கு மட்டும் பாலிதீன் பை போட்டு, வாயை நூலால் கட்டியிருந்தான்.

"ஏலே, விரிச்சுப் பிடிக்க வேண்டியதுதானலே?" என்றேன்.

"நம்ம குடை இல்ல அண்ணாச்சி. ஜங்ஷன் பஸ்ல ஒருத்தர் விட்டுட்டுப் போயிட்டாரு. நாலு நாளா இதே நேரத்துக்கு இங்கன நிக்கேன். வருவாரு."

"அதுக்கு நீ ஏன் நனையுத?"

"அடுத்தவர் குடையில நாம ஒதுங்கலாமா?"

ஏழாம் நாள் குடைக்காரர் வந்தார். வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு கம்பி வளைந்திருக்கிறதே என்று சண்டை பிடித்தார். இவன் குடையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்க் கம்பியை நிமிர்த்தி மறுநாள் கொடுத்தான். "உரியவங்க கையில சேரணும்லா" என்றான். அவன் வாயில் அடிக்கடி வரும் வாசகம் அது.

பக்கத்து வீட்டு முருங்கை அவன் வீட்டுப் பக்கம் சாய்ந்து காய்த்தது. காயைப் பறித்துக் கட்டாகக் கட்டி அவர்கள் வீட்டில் கொடுத்துவிடுவான். அது பெரிய விஷயமில்லை. நல்ல மனிதர்கள் பலர் செய்வதுதான். ஆனால் மழைக்காலத்தில் அந்த மரத்திலிருந்து சுவரில் இறங்கும் கம்பளிப்பூச்சிகளையும் முறத்தில் கூட்டி எடுத்துக்கொண்டு போய், அவர்கள் வாசலில் நின்று மணியடிப்பான். காய் அவர்களுடையது என்றால் பூச்சி மட்டும் எப்படி நம்முடையதாகும் என்பது அவன் கேள்வி. அந்த வீட்டம்மாள் கடைசியில் மரத்தையே வெட்டிவிட்டாள். விறகில் பாதியை இவனுக்குக் கொடுத்தனுப்பினாள். அதையும் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

அவன் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அவன் பெயரை நான் எழுதவில்லை. அவனுக்கு நான் செய்த காரியத்தைத்தான் எழுத வேண்டும். எண்பது வயது தாண்டிவிட்டது. இனி இதை எழுதாமல் வைத்திருப்பதில் யாருக்கும் லாபமில்லை.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்தேன். பாரம்பரியம் என் சிறப்புப் பாடம். பட்டாணிச் செடியில் தொடங்கி மனிதனின் கண் நிறம் வரை, எது யாரிடமிருந்து வருகிறது என்று முப்பது வருடம் கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்கியவன். அவனோ ஆர்.எம்.எஸ்.ஸில், ரயிலில் வரும் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடும் வேலையில் இருந்தான். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு தாத்தாவும் ஒரு சாஸ்தாவும்தான்.

எங்கள் சீமையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. ஏதோ ஒரு குளக்கரையிலோ பனங்காட்டிலோ இருப்பார். பம்பாயில் வேலை பார்த்தாலும் பங்குனி உத்திரத்தன்று அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். அப்பாவின் சாஸ்தாதான் பிள்ளைக்கும். எங்களுடையவர் சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரிக் காட்டில், செம்மணலுக்கு நடுவில் இருக்கிறார். நான் எங்கள் பங்காளிகளில் மூத்தவன் என்பதால் கோயில் காரியங்களில் என் வார்த்தைக்கு மதிப்பிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவனுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் குழந்தை இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் பிற்பகலில், என் மனைவி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, ஒரு சீப்பு பூவன் பழத்தோடு வந்தான்.

"அண்ணாச்சி, ஒரு உதவி. வெளிய தெரியப்படாது."

"என்னலே?"

"மதுரை டாக்டரம்மா சொல்லிட்டாவ. குறை என்கிட்டதான். வேற ஒரு ஆம்பளைட்ட இருந்து எடுத்துதான் அவளுக்கு வைக்கணுமாம். யாருன்னு சொல்ல மாட்டாவளாம்."

"சரி. அதுக்கென்ன? இப்பம் நெறையப் பேரு பண்ணுதாங்க. அதுல தப்பே கிடையாது."

"தப்புன்னு சொல்லல அண்ணாச்சி. சாஸ்தா மாறிருமே."

நான் சிரித்துவிட்டேன். அவனை உட்காரவைத்து அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். மனிதனுக்கு இருபத்து மூன்று ஜோடி குரோமோசோம்கள், அவற்றில் ஒன்றிலும் சாஸ்தா கிடையாது என்றேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அது மைக்ராஸ்கோப்புல தெரியாது அண்ணாச்சி. பங்குனி உத்திரத்தன்னைக்குத்தான் தெரியும். பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எந்தக் கோயில்ல போயி நிக்க? நாம பாட்டுக்கு நம்ம சாஸ்தா முன்னால நிறுத்திருவோம். அங்கன ஒரு சாஸ்தா, நம்ம பிள்ளை ஒண்ணு வரலியேன்னு பாத்துக்கிட்டே இருப்பாரு. அது திருட்டுல்லா?"

"இப்பம் நான் என்ன செய்யணும்?"

"நம்ம பங்காளி யாராவது குடுத்தா சாஸ்தா மாறாது. தெரிஞ்ச ஆளுன்னாலும் சரிதான்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. நான் அஞ்சு பேரை யோசிச்சேன். ஒருத்தருக்குச் சர்க்கரை. ஒருத்தர் குடிப்பாரு. ஒருத்தர் வாயில எதுவும் தங்காது. இன்னொருத்தர் நல்லவருதான், ஆனா கணக்கு வராது. அண்ணாச்சிதான் பாக்கி."

ஐந்து பேரில் நானே தேர்வு பெற்றேன் என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெருமையில்தான் சரி என்றேன். என் மனைவியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அளவுக்குப் பெரிய விஷயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

மதுரையில் அந்த மருத்துவமனையில் ஒரு நர்ஸ் என்னிடம் சின்னக் குப்பி ஒன்றைக் கொடுத்து ஓர் அறையைக் காட்டினாள். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு வாஷ்பேசின், சுவரில் நகைக்கடைக் காலண்டரில் ஆறுமுகப் பெருமான். பன்னிரண்டு கண்களும் என்னைப் பார்த்தன. எழுந்து காலண்டரைக் கழற்றி வைத்தேன். பின்னால் போன வருடக் காலண்டரையும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். அதில் வெண்ணெயோடு குழந்தைக் கண்ணன் இருந்தான். நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே அவன் காவல் நின்றிருந்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கதவை மெல்லத் தட்டுவான்.

"அண்ணாச்சி, பைய, பைய. ஒரு அவசரமும் இல்ல."

அரை மணி நேரம் ஆயிற்று. என்னால் முடியவில்லை. உள்வழியாகப் போய் டாக்டரம்மாவிடம் குப்பியைக் காலியாகவே கொடுத்தேன். அவர் அதிசயப்படவில்லை.

"இதெல்லாம் நடக்கிறதுதான் சார். வேறொருத்தரோடது ஏற்பாட்டில் இருக்கு. முதல் தடவை வந்தப்பவே அவங்க ரெண்டு பேரும் அதுக்கும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. நான் அவர்கிட்டச் சொல்லிரட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். நானே சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

நான் செய்த தவறு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. வெளியே வந்தேன். அவன் பிளாஸ்கிலிருந்து ஹார்லிக்ஸ் ஊற்றி, ஆற்றி, இரண்டு கையாலும் நீட்டினான்.

"ரத்தம் குடுத்தவங்களுக்கே குடுக்காங்க. இது அதைவிட மேல்லா. குடிங்க அண்ணாச்சி."

அவன் கண்ணில் நீர் நின்றது. நான் அதை வாங்கிக் குடித்தேன். இரண்டாவது தம்ளரும் குடித்தேன். அவன் என்னைத் திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றி, மூன்று பேர் சீட்டில் படுக்கவைத்து, "அண்ணாச்சிக்கு உடம்பு அசதி, டிரைவர்ட்டச் சொல்லிப் பைய ஓட்டச் சொல்லுங்க" என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு, மனைவி இருந்த வார்டுக்குத் திரும்பினான். கண்டக்டர் வழி நெடுக என்னை எழுப்பி எழுப்பி, வாந்தி வருகிறதா என்று கேட்டார்.

முதல் தடவையில் பலிக்காது, அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். முதல் தடவையிலேயே பலித்துவிட்டது.

பெண் குழந்தை. காந்திமதி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த அன்று சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் குழந்தையை என் மடியில் வைத்து, "எல்லாம் அண்ணாச்சி தயவு" என்றான்.

அவன் மனைவி ரகசியத்தைக் காக்கச் சொல்லியிருந்தாள், அவன் காத்தான். ஆனால் நன்றியைச் சொல்லாமல் விழுங்கவும் அவனால் முடியாது. இரண்டையும் சேர்த்துச் செய்ததில் வந்த வாக்கியம் அது.

"தயவுன்னா என்னவே?" என்று ஒரு பங்காளி கேட்டார்.

"மதுரை டாக்டரை நான்தான் விசாரிச்சுக் குடுத்தேன். அதைச் சொல்லுதான்" என்றேன். மறுபடி ஒரு பொய்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அவன் என்னை விடவில்லை. மாதம் ஒரு முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்துவான். பல் முளைத்தால் காட்டுவான். அம்மை வந்து இறங்கினால் தழும்பைக் காட்டுவான். "நெத்தியைப் பாருங்க, அப்பிடியே அண்ணாச்சி சாடை" என்பான். "கால் பெருவிரலைப் பாருங்க" என்று என் செருப்பைக் கழற்றச் சொல்லி இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

எனக்கு உண்மை தெரியும். அந்தக் குழந்தைக்கும் எனக்கும் ஒரு குரோமோசோமும் பொதுவில்லை என்று கட்டம் போட்டே காட்ட முடியும். ஆனாலும் ஒரு நாள் குளியலறைக் கண்ணாடியில் என் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை இருக்குமோ என்று தோன்றியது. என் இரண்டு பையன்களும் வெளிநாட்டில் இருந்தார்கள். இந்தக் குழந்தை ஓடிவந்து என் முழங்காலைக் கட்டிக்கொள்ளும். பொய் என்று தெரிந்தும் அந்தச் சாடையை நான் அனுபவித்தேன்.

தமிழில் சாடை என்றால் முகச்சாயல். சாடை என்றால் நேராகச் சொல்லாமல் குத்திப் பேசுவதும்தான். முதல் சாடையை அவன் பேசப் பேச, இரண்டாவது சாடையை என் மனைவி பேசத் தொடங்கினாள்.

"நெத்தி மட்டும்தானா உங்க சாடை? மீதியும் கெடைக்கும், தேடச் சொல்லுங்க."

"எதுக்கு இப்பிடிப் பேசுத?"

"நான் என்ன பேசிட்டேன்? தம்பி பெண்டாட்டிக்குப் பத்து வருசமா இல்லாத பிள்ளை அண்ணாச்சி தயவுல பொறந்திருக்கு. தயவு உள்ள மனுசனைக் கட்டிக்கிட்டேன்னு பெருமையா இருக்கு."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குள்ளே நடக்கிற பேச்சுதானே என்று சும்மா இருந்துவிட்டேன்.

காந்திக்கு மூன்று வயதில் சாஸ்தா கோயிலில் முடி எடுத்துக் காது குத்த ஏற்பாடு செய்தான். பங்குனி உத்திரம். பங்காளிகள் அறுபது எழுபது பேர் தேரிக் காட்டில் கூடியிருந்தார்கள். பொங்கல் பானைகள் வரிசையாகப் புகைந்தன. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தது. முன்நெற்றியிலிருந்து வலது பக்கம் முழுவதும் முடி எடுத்தாயிற்று. அந்தச் சமயத்தில் பூசாரி சாஸ்தா கழுத்து மாலையைக் கொண்டுவந்து பிள்ளையின் தகப்பனுக்கு என்று அவன் கழுத்தில் போட்டார்.

அவன் அதைக் கழற்றினான். எல்லோரும் பார்க்க நடந்து வந்து என் கழுத்தில் போட்டான்.

"உரியவங்க கழுத்துல கெடக்கணும்லா" என்றான்.

பானை கிண்டிக்கொண்டிருந்த என் மனைவி அகப்பையோடு நிமிர்ந்தாள். "இப்பம் சொல்லுங்க" என்றாள். சாடை இல்லை, நேராகவே கேட்டாள்.

வயதான பங்காளி ஒருவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "என்னவே புரபசரே, காலேஜ்ல நடத்துத பாடத்தை வீட்டுக்கு வீடு வந்தும் நடத்துதீரா?"

சிரிப்பு பானைக்குப் பானை தாவிப் போயிற்று. நான் மாலையைப் பிய்த்துக் கழற்றினேன்.

"ஏலே, நான் ஒண்ணும் குடுக்கல்ல! மதுரையில அந்த ரூமுக்குள்ள அரை மணி நேரம் சும்மாதான் உக்காந்திருந்தேன். டாக்டரம்மா வேற எவனோடதையோ எடுத்து வச்சாவ. எவன்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. என் தலையில கட்டாத!"

மூன்று வருடமாக யாருக்கும் தெரியாத ரகசியத்தை அறுபது பேருக்கு ஒரே மூச்சில் விளக்கிவிட்டேன். கோபத்தில் சொல்லிவிட்டேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். அது கோபமில்லை. என் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். நான் தப்பிப்பதற்காக மூன்று வயதுக் குழந்தையைக் குடும்பத்துக்கு வெளியே தள்ளினேன்.

அவன் கத்தவில்லை. உண்மையிலேயே புரியாத குரலில் கேட்டான்.

"அப்பம் அந்த ஹார்லிக்ஸை எதுக்கு அண்ணாச்சி குடிச்சீங்க?"

பிய்ந்த மாலையிலிருந்து உதிர்ந்த பூக்களைப் பொறுக்கத் தொடங்கினேன்.

அதற்குள் பெரியவர்கள் விவாதத்தைத் தொடங்கிவிட்டார்கள். வேறு சாஸ்தாவுக்குச் சேர வேண்டிய முடியை நம் சாஸ்தா வாங்கலாமா? வாங்கினால் பிள்ளைக்கு ஆகுமா? இறக்கிய பாதியை என்ன செய்வது? இறக்கியது இறக்கியதுதான் என்றார் ஒருவர். ஒட்டவா முடியும் என்றார் மற்றொருவர். பிள்ளைக்குத் தாய் வழியில் ஒரு சாஸ்தா உண்டே, பாதிக்குப் பாதி சரியாகப் போயிற்று என்று ஒருவர் சமரசம் சொன்னார். வலது பாதி தாய்க்கா தகப்பனுக்கா என்று அதிலும் ஒரு சண்டை வந்தது. வெயில் ஏறியது. முடி எடுப்பவர் கத்தியைத் தொடையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஐயாமாரே, மிச்சத்தை எடுக்கவா வேண்டாமா? தலையில தண்ணி காயுது" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மூத்தவன். 'நம்ம வீட்டுப் பிள்ளைதானய்யா, எடும்' என்று சொல்லியிருந்தால் ஒருவரும் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார்கள். ஐந்து சொற்கள்கூட இல்லை. நான் அகப்பையோடு நின்ற என் மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தில் சந்தேகம் தெளிந்திருந்தது. அந்த நிம்மதியில் நான் பேசாமல் நின்றேன்.

அவன், தாய்மாமன் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"மீதியை உரிய இடத்துல எடுத்துக்கிடுதேன்" என்றான். மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு செம்மணலில் நடந்தான்.

சாத்தான்குளத்திலிருந்து திருநெல்வேலி வரை, பாதித் தலை மொட்டையும் பாதித் தலை சுருட்டை முடியுமாக இருந்த குழந்தையோடு மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். கேட்டவர்களுக்கெல்லாம், "மீதி வேற கோயிலுக்கு" என்று அவன் பதில் சொன்னானாம். எந்தக் கோயில் என்று ஒருவர் கேட்டதற்கு, "பாத்துக்கிட்டிருக்கோம்" என்றானாம். குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்று ஒரு பக்கம் மட்டும் சில்லென்று அடிக்கிறது என்று வழியெல்லாம் சிரித்ததாம்.

பத்து நாள் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள். குழந்தை முழு மொட்டையாக ஓடியாடிக்கொண்டிருந்தது.

"வாங்க அத்தான். மீதியை நானே எடுத்துட்டேன். பிள்ளை தலையை வச்சு இவுங்களும் உங்க பங்காளிகளும் விளையாடுனது போதும்" என்றாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. மேசையில் ஒரு பழுப்புத் தபால் உறை இருந்தது. அதற்குள் மீதி முடி. அவன் பக்கத்தில் ஒரு நோட்டை விரித்து, கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தான். எங்கள் சீமையில் உள்ள சாஸ்தா கோயில்கள் எல்லாவற்றையும் அம்பை லைன், தென்காசி லைன், திருச்செந்தூர் லைன் என்று கடிதம் பிரிக்கும் வரிசையில் பிரித்திருந்தான். ஒவ்வொரு கோயிலிலும் ஒரு சிட்டிகை முடி செலுத்துவதாகத் திட்டம்.

நான் மனத்தில் தயாரித்துக்கொண்டு போயிருந்ததைச் சொன்னேன்.

"ஏலே, அன்னைக்கு நான் சொன்னதுதான் பொய்னு பங்காளிங்ககிட்டச் சொல்லிருதேன். என் ரத்தம்தான்னு சொல்லிருதேன். எல்லாம் சரியாயிரும்."

"வேண்டாம் அண்ணாச்சி" என்றான், நோட்டிலிருந்து நிமிராமல். "யாரோ ஒருத்தர் குடுத்திருக்காரு. பேரு வேண்டாம், நன்றி வேண்டாம்னு குடுத்திருக்காரு. அதையும் எடுத்து உங்களுக்குக் குடுக்கச் சொல்லுதீங்களா?"

"சரி, சாஸ்தா தெரியாதவங்களுக்குத்தான் காரையாறு சொரிமுத்தையனார் இருக்காரே. ஒரே நடையில முடிஞ்சு போகும்."

"அது தெரியாதவங்களுக்குல்லா. அந்த ஆளுக்குத் தன் சாஸ்தா யாருன்னு தெரிஞ்சிருக்கும். நமக்குத்தான் தெரியல. மேலப்பாளையத்துக்கு ஒரு கடுதாசி வந்துச்சு, கண் டாக்டர் வீட்டுக்கு எதுத்த வீடுன்னு மட்டும் போட்டு. அங்கன கண் டாக்டரே கெடையாது. அதுக்காகத் திருப்பி அனுப்பிட்டமா? லீவு நாள்ல சைக்கிள்ல சுத்துனேன். கடைசியில அது பல் டாக்டர். எழுதுனவங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். வீடு இருந்துச்சு."

"பொம்பளப் பிள்ளைதானலே. நாளைக்குக் கட்டிக்குடுத்தா புருசன் சாஸ்தாதான் அவளுக்கும்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"போற இடம் அவளுக்கு இருக்கும் அண்ணாச்சி. எங்கேருந்து போகுதாள்னு ஒண்ணு வேண்டாமா?"

நான் திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு நான்கைந்து வருடம் அவர்களைப் பார்க்கவில்லை, கேள்விப்பட்டுக்கொண்டிருந்தேன். ஓய்வு நாள் தவறாமல் மூன்று பேரும் ஏதாவது ஒரு குளக்கரைக்குப் போய்விடுவார்கள். முதலில் கோபமாக இருந்த அவன் மனைவியே, சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பத் தொடங்கிவிட்டாள் என்றார்கள். எந்தக் கோயிலிலும் அந்தக் குடும்பத்துப் பெரியவரைத் தேடிப் பிடித்து, விஷயத்தை மறைக்காமல் சொல்லி, உத்தரவு கேட்டுத்தான் பொங்கல் வைப்பானாம். கேட்டவர்கள் முதலில் விழிப்பார்கள். பிறகு சந்தேகமாகத் தங்கள் வாலிபர்களைப் பார்ப்பார்கள். மதுரையில் படித்த பையன்கள் பாடு திண்டாட்டம். கடைசியில், எதற்கு வம்பு, நம்ம பிள்ளையாக இருந்தாலும் இருக்கும் என்று குழந்தைக்கு ஒரு பாவாடை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அம்பாசமுத்திரம் பக்கம் இரண்டு குடும்பங்கள் அவள் தங்கள் சாடைதான் என்று தங்களுக்குள் சண்டையே போட்டனவாம்.

எங்கள் பங்காளிகளுக்கு இது பொறுக்கவில்லை. ஊரெல்லாம் கொண்டாடுகிற பிள்ளையை நாம் விட்டுவிட்டோமே என்று பேச்சு வந்தது. வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "நம்ம சாஸ்தாவும் அந்த ஆளோடதா இருக்கலாம்லா. திருச்செந்தூர் லைன்ல கடைசி. வரிசை வரும்போது வாரோம்" என்று சொல்லி அனுப்பினான். எங்கள் சாஸ்தா வரிசையில் நின்றார். அவரை அங்கே நிறுத்தியவன் நான்.

தொண்ணூறுகள் முடியப்போகிற வருடத்துப் பங்குனி உத்திரத்தன்று எங்கள் சாஸ்தாவின் முறை வந்தது. தேரி மணலில் மூன்று பேரும் நடந்து வந்தார்கள். அவனுக்கு முடி நரைத்திருந்தது. காந்திக்கு ஏழு வயது; இரட்டைச் சடை, காதில் சின்னத் தோடு. காது எந்தக் கோயிலில் குத்தினார்களோ தெரியாது.

"அண்ணாச்சி, சௌரியமா?" என்றான். அவன் குரலில் பழைய பிரியம் அப்படியே இருந்தது. அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. "பொங்கல் வைக்க உத்தரவு வேணும்."

"நீ கேக்கணுமாலே? இது உன் கோயில்."

"எனக்குக் கேக்காண்டாம். பிள்ளைக்குக் கேக்கணும்லா."

தலையை ஆட்டினேன். அவனும் மனைவியும் கல்லடுக்கி அடுப்பு மூட்டப் போனார்கள். காந்தி என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். அவளுக்கு என்னை நினைவில்லை. பெரியப்பா என்று அவன் சொல்லிக்கொடுப்பான் என்று காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை. கேட்காமல் யாருடைய உறவையும் எடுத்துக் கொடுக்கிறவன் இல்லை அவன்.

"நீங்கதான் இந்தக் கோயில் தாத்தாவா?" என்றாள்.

"ஆமா."

"எல்லாக் கோயில்லயும் ஒரு தாத்தா இருப்பாங்க. நான் கேட்டு எழுதுவேன்." நோட்டை எனக்குக் காட்டினாள். பக்கத்துக்கு ஒரு கோயில். ஒன்றில், 'இந்தச் சாமிக்கு மீசை பெருசு. பொங்கல்ல முந்திரி கம்மி.' இன்னொன்றில், 'இங்க குளத்துல தண்ணி இல்ல. தாத்தா பாட்டு பாடுனாரு. சேத்துக்கிட்டாங்க.' ஏறக்குறைய எல்லாப் பக்கங்களும் 'சேத்துக்கிட்டாங்க' என்றுதான் முடிந்திருந்தன.

புதுப் பக்கம் புரட்டிப் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

"உங்க சாமி எங்களைச் சேத்துக்கிடுவாரா?"

"சேத்துக்கிடுவாரு தாயி. நல்ல சாமி."

எழுதினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நீங்க?"

அடுப்புப் பக்கம் பார்த்தேன். பங்காளிகள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வயதில் அவள் எனக்கு முன்னால் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தபோது நான் சொல்ல வேண்டியிருந்த பதில் அது. இத்தனை வருடம் கழித்து அவளே வந்து கேட்கிறாள். குரல் வரச் சற்று நேரம் பிடித்தது.

"நாங்களும் சேத்துக்கிடுவோம்" என்றேன்.

அவள் குனிந்து, எழுத்துக் கூட்டி, மெதுவாக எழுதினாள். எழுதி முடித்து, "அப்பா, பானை பொங்கிட்டா?" என்று கேட்டுக்கொண்டு எழுந்து ஓடினாள். நோட்டு மணலில் திறந்தே கிடந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

'சாமி சேத்துக்கிட்டாரு. தாத்தா ரொம்ப யோசிச்சு சேத்துக்கிட்டாரு.'